பில்லில் வராத ரசம்சாதம்

எப்படி ஆரம்பித்தாலும் தப்பாகத்தான் சொல்லிவிடப் போகிறோம் என்று துளசிமணிக்குப் பட்டது. பஸ் நிறுத்தத்து இரும்பு பெஞ்சில் உட்கார்ந்து செல்போனை வாயருகே கொண்டுபோய், "வணக்கங்க மேடம், துளசிமணி பேசறேனுங்க" என்பது வரைக்கும் சொல்லுவாள். அடுத்த வார்த்தை வராது. விரலால் இழுத்து அழித்துவிடுவாள். இது மூன்றாவது தடவை. மணி இரண்டு பத்து. ஓட்டலை விட்டு வெளியே வந்த இரண்டு மணி நேரத்துக்குள், அதாவது நாலு மணிக்குள், சொல்லி அனுப்பிவிட வேண்டும். அதற்கு மேல் போனால் செல்லாது, நேரமானால் ஆட்களுக்கு மறந்துபோகிறது என்று, கம்பெனியிலிருந்து இவளை அனுப்புகிற ஷைலஜா மேடம் சொல்லியிருந்தார். மறந்துபோனால் நன்றாகத்தான் இருக்கும். மற்றவர்கள் எல்லாம் கேள்வித்தாளை செல்போனிலேயே தட்டி நிரப்பிவிடுவார்கள். துளசிமணி ஏழாவதோடு நின்றவள், ஒரு வரி தட்டுவதற்குள் பஸ் இரண்டு போய்விடும். அதனால் அவளுக்கு மட்டும் வாயால் சொல்லி அனுப்ப அனுமதி. நடந்ததை நடந்த வரிசையில் உங்கள் சொந்த வார்த்தைகளில் சொல்லவும், அவ்வளவுதான் கேட்கிறார்கள். ஆனால் எது முதலில் நடந்தது? அந்தப் பொம்பளை தண்ணீர் வைத்ததா, இவள் பொய் சொன்னதா? பொய்யை முன்னால் சொன்னால் ஒரு மாதிரி ஆகிறது, பின்னால் சொன்னால் வேறு மாதிரி ஆகிறது, சொல்லாமலே விட்டால் அந்தப் பொம்பளை திருடியாகிவிடுகிறாள். மடியில் துணிப்பைக்குள் ரசம்சாத டப்பா சுட்டது. மிளகு வாசனை பையைத் தாண்டி வந்தது. பக்கத்தில் நின்ற காலேஜ் பெண் ஒருத்தி மூக்கைச் சுளித்தாளோ என்று துளசிமணி முந்தானையை இழுத்துப் பையின் மேல் போட்டுக்கொண்டாள்.

ரோட்டுக்கு அந்தப் பக்கம் நெல்முத்து உணவகம். ஊர் ஊராகக் கிளை வைத்திருப்பவர்கள். தங்கள் ஆட்கள் ஒழுங்காகப் பரிமாறுகிறார்களா என்று பார்ப்பதற்குச் சென்னையில் ஒரு கம்பெனிக்குப் பணம் கட்டுகிறார்கள், அந்தக் கம்பெனி துளசிமணி மாதிரி ஆட்களைச் சாப்பிட அனுப்புகிறது. சும்மா பசிக்கு வந்தவள் போலப் போக வேண்டும். எத்தனை நிமிஷத்தில் தண்ணீர் வந்தது, கக்கூஸில் சோப்பு இருந்ததா, பரிமாறியவர் தலைக்கு வலை போட்டிருந்தாரா, சட்டையில் குத்தியிருக்கும் பேர் என்ன, எல்லாவற்றையும் மனசில் முடிந்துகொண்டு வர வேண்டும். ரகசிய வாடிக்கையாளர் என்று பேர். ஒரு தடவைக்கு முந்நூற்றைம்பது ரூபாய், சாப்பிட்ட பில்லுக்கு ஐந்நூறு வரைக்கும் தனி, இரண்டும் நாற்பத்தைந்து நாள் கழித்து வரும். இது தேறுமா தேறாதா என்று வீட்டில் பேச்சு வராத வாரமில்லை. அவள் புருஷன் ரங்கசாமி பஸ் காசைக் கழிப்பான், போக வர மூன்று மணி நேரத்தைக் கழிப்பான், அந்த நேரத்தில் இரண்டு ஜாக்கெட் தைத்திருக்கலாம் என்பதைக் கழிப்பான், கடைசியில் சிரிப்பான். ஊர்ல எல்லாம் வேலைக்குப் போயி சம்பாரிச்சு சாப்புடறாங்க, இவ சாப்புட்டுப் போட்டு அதுக்குக் கூலி கேக்கறா என்று பக்கத்து வீட்டில்கூடச் சொல்லி வைத்திருக்கிறான். கூட்டிக் கழித்தால் அவன் சொல்வதுதான் சரி, ஜாக்கெட்தான் லாபம். ஆனால் அவனிடம் சொல்ல முடியாத ஒன்று இருக்கிறது. வாரத்தில் இரண்டு நாள், ஏசி போட்ட இடத்தில், முதுகு சாய்த்து உட்கார, ஒருத்தர் வந்து குனிந்து உங்களுக்கு என்ன வேணும் என்று கேட்கிறாரே, அது. கல்யாணமாகி இருபத்தெட்டு வருஷத்தில் அவளிடம் அப்படி யாரும் கேட்டதில்லை. அதற்காகத்தான் போகிறாள். அதற்காகப் போய், கேட்டவரின் தலையில் வலை இருக்கிறதா என்று பார்த்துச் சொல்கிறாள். பனியன் கம்பெனியில் பத்து வருஷம் செக்கிங்கில் இருந்த கண், சும்மா இருக்காது. மேஜை மேல் விரித்துப் போட்ட துணியில் ஓட்டை, எண்ணெய்க் கறை, விட்ட தையல் எங்கே என்று தேடிய கண், யார் முகத்தைப் பார்த்தாலும் முதலில் அங்கே என்ன கோளாறு என்றுதான் போகும். அது அவள் குற்றமா?

இன்றைக்கும் அப்படித்தான் போனாள். ஒன்று பத்துக்கு உள்ளே நுழைந்தாள். வாசலில் வரவேற்க ஆள் இல்லை, அது ஒன்று. தூண் ஓரத்து மேஜை, துடைத்த ஈரம் காயவில்லை, அது இரண்டு. ஒரு நிமிஷத்துக்குள் தண்ணீர் வர வேண்டும், நாலு நிமிஷம் ஆனது, அது மூன்று. கைக்கடிகாரத்தைப் பார்த்தாள், மறுபடி பார்த்தாள். பிறகு அந்தப் பொம்பளை வந்தாள். இங்கே பெரும்பாலும் சின்ன வயசு ஆட்கள்தான் இருப்பார்கள், வடக்கத்திப் பிள்ளைகள் பாதிப் பேர். இவளுக்கு நாற்பத்தைந்துக்கு மேல் இருக்கும், துளசிமணியின் செட்டுதான். பழுப்புச் சட்டை அவளுக்கு அளவில்லாமல் தோளில் தொங்கியது. பேட்ஜில் சங்கீதா. வலை இருந்தது, அதற்குள் முடி கொஞ்சம் நரை. நடக்கும்போது இடது காலை ஒரு மாதிரி வைத்தாள். "வாங்கக்கா, என்ன சாப்புடறீங்க?" என்று கேட்டாள். அக்கா. ஏழாவது கேள்வி, உங்களை முறையாக மேடம் என்று அழைத்தாரா? துளசிமணி மனசுக்குள் இல்லை என்று போட்டாள். போடும்போதே, அக்கா என்றது காதுக்கு நன்றாகத்தான் இருந்தது என்பதையும் கவனித்தாள். அதற்குக் கேள்வி கிடையாது. மதிய சாப்பாடு ஒன்று, வாழைப்பூ வடை ஒன்று என்றாள், வடை வாங்கச் சொல்லித்தான் கம்பெனியிலிருந்து வந்திருந்தது. எட்டு நிமிஷத்தில் வர வேண்டிய சாப்பாடு பதினாலு நிமிஷம். அவள் கடிகாரத்தைப் பார்த்தது எத்தனை தடவையோ. வெளியே பார்த்தாள், சமையல்கட்டுக் கதவைப் பார்த்தாள், கடிகாரத்தைப் பார்த்தாள். வேலை அது. ஆனால் இதே தெருவில் பெரிய ஆஸ்பத்திரி இருக்கிறது, சாப்பிட வருபவர்களில் பாதிப் பேர் அங்கே ஆளைப் படுக்க வைத்துவிட்டு, டாக்டர் ரவுண்டு வருவதற்குள் திரும்ப வேண்டும் என்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே அள்ளிப் போட்டுக்கொண்டு போகிறவர்கள் என்பது அவளுக்குத் தோன்றவே இல்லை. தோன்றியிருந்தால் வேறு பொய் தயாராக வைத்திருப்பாள். கல்யாணத்துக்குப் புடவை எடுக்க வந்தேன், அப்படி ஏதாவது. புடவைக்கு யார் ரசம்சாதம் கட்டித் தருவார்கள்?

சாப்பாட்டை வைத்துவிட்டு அந்தப் பொம்பளை உடனே நகரவில்லை. குரலை இறக்கி, "ஆசுபத்திரில யாருங்கக்கா?" என்றாள். ஒரு நொடி. அந்த ஒரு நொடியில் இல்லை என்று சொல்லியிருக்கலாம். ஏன் சொல்லவில்லை என்று இப்போது பெஞ்சில் உட்கார்ந்து துளசிமணி திரும்பத் திரும்ப அந்த நொடிக்குள் போய் நிற்கிறாள். யார் என்று தெரிந்துவிடக் கூடாது, தெரிந்துவிட்டால் வேலை போகும் என்ற பயம் ஒன்று. அதற்கு மேல் இன்னொன்று, கேட்ட விதம். அப்படிக் கேட்டால் யாராவது இருந்தாக வேண்டும் போல இருந்தது. "வீட்டுக்காரருங்க" என்றாள். சொன்ன மறுகணமே கழுத்துக் கொடியைத் தொட்டுக்கொண்டாள். அவன் வீட்டில் கால் மேல் கால் போட்டு டிவி பார்த்துக்கொண்டிருப்பான், அவனை ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுக்க வைத்தாகிவிட்டது. இது பலித்துவிட்டால்? சாயங்காலம் போனதும் அவனுக்கு என்னவோ ஆகியிருந்தால்? செல்போனை எடுத்துக் கூப்பிட்டுப் பார்க்கலாம், எடுத்தால் என்ன சாப்புட்டே என்றுதான் முதலில் கேட்பான். கூப்பிடவில்லை. அந்தப் பொம்பளை என்ன ஏது என்று கேட்டாளா? கேட்கவில்லை. நெஞ்சா என்று மட்டும் கேட்டாள், துளசிமணி தலையை ஆட்டினாள், ஆமாம் என்றுமில்லை, இல்லை என்றுமில்லை. தலையாட்டியது பொய்யாகுமா?

அப்புறம் அவள் வரும்போதெல்லாம் ஒரு வார்த்தை பேசினாள். கூட்டம் குறைந்துகொண்டு வந்தது. தன் ஆளும் போன வருஷம் பதினொரு நாள் அங்கேதான் கிடந்தான், மூன்றாவது மாடி, அங்கே கேன்டீன் ரசம் வெறும் புளித்தண்ணி, வாயில் வைக்க முடியாது, கடைசி நாள்வரைக்கும் மிளகு ரசம் கேட்டுக்கொண்டே இருந்தான் என்றாள். கடைசி நாள் என்றால் என்ன என்று துளசிமணி கேட்கவில்லை, நெற்றியைப் பார்த்தாள், புரிந்தது. சங்கீதா என்ற பேரைச் சொல்லி ஏதோ ஆறுதலாகப் பேச வாயெடுத்தாள், அவள் சிரித்துவிட்டாள். "அய்ய, அது என்ர பேரில்லீங்கக்கா. நான் மாராத்தா. இது முந்தி இருந்த புள்ளையோடது. எனக்குப் புதுசா அடிச்சுத் தர ஆறு மாசம் ஆகுமாமா, அதுவரைக்கும் இதைய மாட்டிக்கச் சொல்லீட்டாங்க. ஊட்டுல எம் புள்ளைக சங்கீதாம்மா வந்துட்டாங்கன்னு கேலி பண்ணுதுக." துளசிமணியும் சிரித்தாள். வாயில் சோறு இருக்கும்போது சிரித்து எத்தனை நாளாகிவிட்டது. சிரித்துக்கொண்டே, அந்தப் பிள்ளை எங்கே போய்விட்டது என்று கேட்டாள். கேட்டிருக்க வேண்டியதில்லை, கேள்வித்தாளில் அது இல்லை. நிறுத்திவிட்டார்கள் என்றாள் மாராத்தாள். சாப்பிட வந்த மாதிரி யாரோ வந்து, தலைக்கு வலை போடவில்லை, மூஞ்சியில் சிரிப்பில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டார்களாம். அந்தப் பிள்ளைக்கு அன்றைக்குக் காய்ச்சலாம். துளசிமணிக்குக் கையில் பிசைந்த சோறு கையிலேயே நின்றது. நானா? நெல்முத்துவில் எத்தனை கிளைக்குப் போயிருக்கிறாள், வலை இல்லை என்று எத்தனை பேரைச் சொல்லியிருக்கிறாள். சிரிப்பில்லை என்றும் சொல்லியிருக்கிறாள், அது சுலபமான கேள்வி. இந்தக் கிளைக்கு இதுதான் முதல் தடவை. ஆனால் ஆட்களை ஒரு கிளையிலிருந்து இன்னொரு கிளைக்கு மாற்றுவார்களாம். சங்கீதா, சங்கீதா என்று ஞாபகத்தைத் துழாவினாள். ஒரு முகமும் வரவில்லை. அவளுக்கு முகங்கள் ஞாபகமில்லை, முகங்களில் இருந்த கோளாறுதான் ஞாபகம். நகத்தில் அழுக்கு ஒன்று, டம்ளருக்குள் விரல் ஒன்று, கொட்டாவி ஒன்று.

பில் வந்தது. சாப்பாடு, வடை, வரி, சேர்த்து முந்நூற்றுப் பதினெட்டு. அவள் பணத்தை வைத்துவிட்டுக் கை கழுவி வருவதற்குள் மேஜை மேல் டப்பா இருந்தது. ஒரு கணம் யாருடையதோ என்று பார்த்தாள். மாராத்தாள் தூணை ஒட்டி நின்றுகொண்டு, அவளைப் பார்க்காமல் மேஜையைத் துடைத்துக்கொண்டே சொன்னாள். "அண்ணனுக்குக் குழைய விட்டு ரசம்சாதம் கட்டியிருக்கறனுங்க. பைக்குள்ள போட்டுக்குங்க. பில்லெல்லாம் வேண்டாமுங்க, பேசாம போங்க." பத்தொன்பதாவது கேள்வி. பில்லில் இல்லாத பண்டம் எதுவும் உங்களுக்குத் தரப்பட்டதா? ஆம் என்றால் தந்தவர் பெயர். மற்ற பதினெட்டுக்கும் மதிப்பெண்தான் குறையும், இதற்கு மட்டும் அன்றைக்கே ஆளை வெளியே அனுப்பிவிடுவார்கள் என்று ஷைலஜா மேடம் ஆரம்பத்திலேயே சொல்லியிருந்தார், இது திருட்டுக்குச் சமம்மா, இதைக் கண்டுபிடிக்கத்தான் நாம போறதே. துளசிமணி டப்பாவைப் பைக்குள் போட்டுக்கொண்டாள். வேண்டாம் என்று ஏன் சொல்லவில்லை? சொல்லியிருந்தால் சத்தம் கேட்டுக் கல்லாவில் இருப்பவர் திரும்பியிருப்பார். அதனால்தானா? அதனால்தான் என்று வைத்துக்கொண்டாள். அப்போதுதான் இரண்டு மேஜை தள்ளி உட்கார்ந்திருந்த நீலக்கட்டம் போட்ட சட்டைக்காரனைப் பார்த்தாள். தனியாக வந்தவன். எதிரே தட்டு, தட்டுக்குப் பக்கத்தில் செல்போன், செல்போனின் கண் இந்தப் பக்கமாக. உங்களையும் பார்க்க ஆள் வரும் மா, எந்த நாள் என்று சொல்ல மாட்டோம் என்பதும் ஷைலஜா மேடம் சொன்னதுதான். சாப்பிடுவதை நிறுத்திவிட்டு அவனும் கடிகாரத்தைப் பார்த்தான். பார்த்தானா, சட்டைக் கையை ஏற்றிவிட்டானா? அவள் வெளியே வரும்போது அவன் தயிர் இரண்டாவது தடவை கேட்டதற்கு ஏன் காசு போட்டீர்கள் என்று கல்லாவில் சண்டை பிடித்துக்கொண்டிருந்தான். பார்க்க வந்தவன் சண்டை போடுவானா? போடலாம், சண்டை போட்டால் எப்படிப் பதில் சொல்கிறார்கள் என்று பார்க்கச் சொல்லி அவளுக்கே ஒரு தடவை வந்திருக்கிறது. அவளுக்குச் சண்டை போட வரவில்லை, உப்பு கொஞ்சம் கூடிப்போச்சுங்க என்று மெதுவாகச் சொல்லிவிட்டு வந்துவிட்டாள்.

நேரம் இரண்டு இருபத்தைந்து. ஒரு பஸ் வந்து நின்று போனது. வெயில் பெஞ்சின் ஒரு முனையில் ஏறிவிட்டது, அவள் நகர்ந்து உட்கார்ந்தாள். சோத்தைப் பற்றிச் சொல்லி ஒருத்தியை வேலையை விட்டு நிறுத்தியது இது முதல் தடவை இல்லை என்பது ஏன் இப்போது ஞாபகம் வர வேண்டும்? வேண்டாம் என்று தள்ளினாலும் வருகிறது. ஏழாவது படிக்கும்போது பள்ளிக்கூடத்துக்கு ஒரு அதிகாரி வந்தார், வெள்ளைச் சட்டை, கையில் தோல் பை. மத்தியானச் சாப்பாட்டு வரிசையில் நேராக இவளிடம் வந்து குனிந்து, பாப்பா, சாம்பார்ல பருப்பு போடறாங்களா என்று கேட்டார். அப்படி ஒருத்தர் குனிந்து கேட்டதில் அவளுக்குப் பெருமை தாங்கவில்லை. இல்லீங்க சார், தண்ணியா இருக்கும், அடியில நாலு பருப்பு கெடக்கும், அதையும் டீச்சர் ஊட்டுக்குக் கொண்டுபோயிருவாங்க என்றாள். கேட்டது பருப்புப் போடுகிறார்களா என்று மட்டும்தான். மிச்சத்தை அவளாகச் சேர்த்தாள். டீச்சருக்கு ஒன்றும் ஆகவில்லை. சமைத்த வீரம்மா போய்விட்டாள். வீரம்மாவின் மகன்கள் இவள் வீட்டு வாசலில் நின்று கத்தியதையெல்லாம் கேட்டுவிட்டு இவள் அம்மா உள்ளே வந்து, இனி நீ போக வேண்டாம் என்றாள், அவ்வளவுதான் படிப்பு. நடந்ததைத்தானே சொன்னேன் என்று அப்போது அழுதாள். நடந்ததைத்தான் சொன்னாள். ஆனால் தப்பாகச் சொன்னாள், எங்கே நிறுத்த வேண்டுமோ அங்கே நிறுத்தத் தெரியவில்லை, யார் மேல் விழும் என்று தெரியவில்லை. இப்போது வயது நாற்பத்தொன்பது, இப்போதும் தெரியவில்லை. வீரம்மா எப்போதாவது கரண்டியின் அடியிலிருந்து இவளுக்கென்று கோரி ஊற்றுவாளோ? ஊற்றியிருக்கிறாள். இல்லை, அது இப்போது இட்டுக்கட்டிக்கொள்வது. ஊற்றினாளா இல்லையா என்று தெரியவில்லை, தெரியவே போவதில்லை.

சரி, பத்தொன்பதாவது கேள்விக்கு இல்லை என்று சொல்லிவிட்டால் என்ன? சொல்லிவிடலாம், நாக்குப் புரளும். நீலச்சட்டைக்காரன் படம் எடுத்திருந்தால்? தலைக்கு மேலே கேமரா இருந்தது, கறுப்புக் கிண்ணத்தைக் கவிழ்த்த மாதிரி, அதில் டப்பா பைக்குள் போனது தெரியும். அப்புறம் மாராத்தாள் மட்டுமில்லை, இவளும் கூட்டுத் திருடி. மதுரையில் ஒரு அம்மா போகாமலே போனதாகச் சொல்லி அகப்பட்டுக்கொண்டார், அவர் போட்டோவை இந்த வேலைக்குப் போகிறவர்களின் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டு இவரை நம்ப வேண்டாம் என்று கீழே எழுதினார்கள். அந்த முகத்தை மட்டும் துளசிமணிக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது, பொட்டு, கண்ணாடி, கல்யாண வீட்டில் எடுத்த போட்டோ, சிரித்துக்கொண்டிருந்தார். நூற்று நாற்பது பேர் இருக்கிற குரூப். அதில் பக்கத்துத் தெரு மல்லிகா இருக்கிறாள், அவள்தான் இந்த வேலைக்குச் சேர்த்துவிட்டவள், மல்லிகா பார்த்தால் ரங்கசாமி பார்த்த மாதிரி, தெருவே பார்த்த மாதிரி. சோத்துக்குப் போய் மாட்டிக்கொண்டவள் என்பார்கள். திரும்பிப் போய் இந்த ரசம்சாதத்துக்குக் காசு கட்டிவிட்டால்? பில்லில் ஏறிவிட்டால் கேள்வியே இல்லை. அவள் எழுந்துகூட நின்றாள். கல்லாவில் போய் என்ன சொல்வது, இதுக்குப் பில் போடலீங்க என்றா? யார் கொடுத்தது என்று கேட்பார்கள். உட்கார்ந்துவிட்டாள். டப்பாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டால்? கொடுத்தது கொடுத்ததுதான், கேள்வி தரப்பட்டதா என்றுதான் இருக்கிறது, திருப்பித் தந்தீர்களா என்று இல்லை. உள்ளதை உள்ளபடி எல்லாம் சொல்லிவிட்டால்? மேடம், நான் பொய் சொன்னேனுங்க, அவங்க நம்பிட்டாங்க, எரக்கப்பட்டுக் கொடுத்தாங்க, தப்பு என் மேலதானுங்க. சொல்லிப் பார்த்தாள், வாய்க்குள்ளேயே. நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அந்தப் பக்கம் கேட்கிறவர் இதில் எதை எடுத்துக்கொள்வார்? பத்தொன்பது, ஆம், பெயர் சங்கீதா. மிச்சத்துக்கு அங்கே கட்டம் கிடையாது. காசு நாற்பத்தைந்து நாளில் வரும், மாராத்தாளை இன்றைக்குச் சாயங்காலமே அனுப்பிவிடுவார்கள், பேட்ஜை மட்டும் வாங்கி வைத்துக்கொள்வார்கள், அடுத்தவளுக்கு ஆகுமே.

மூன்று மணிக்குச் செல்போன் தானாகவே அடித்தது. ஷைலஜா மேடம். நாலு மணிக்குக் கெடு இருக்கும்போது மூன்று மணிக்கு ஏன்? நீலச்சட்டைக்காரன் சொல்லிவிட்டான். அதுதான், வேறொன்றுமில்லை. மூன்று தடவை அடிக்கவிட்டாள், நாலாவதில் எடுத்தாள், எடுக்கும்போது என்ன சொல்லப் போகிறாள் என்று அவளுக்கே தெரியாது. மேடம் எப்போதும் போல அவசரமாகப் பேசினார். இன்னிக்கு நெல்முத்து முடிச்சுட்டீங்களா மா, உங்களோடது மட்டும்தான் பாக்கி. அந்தக் குரலில் ஏதாவது இருக்கிறதா என்று துளசிமணி காதைத் தீட்டிக் கேட்டாள். ஒன்றுமில்லை. ஒன்றுமில்லாத மாதிரி பேசச் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். "நான் இன்னிக்குப் போகவே இல்லீங்க மேடம்" என்றாள். வார்த்தை வழுக்கிக்கொண்டு வந்தது, காலையிலிருந்து அதுதான் நாக்கடியில் இருந்த மாதிரி. பஸ் ஸ்டாப்பு வரைக்கும் வந்தேனுங்க, தலை சுத்திருச்சு, உக்காந்துட்டேன், உள்ள போகலீங்க. புருஷனை இதில் இழுக்கக் கூடாது என்பதில் மட்டும் கவனமாக இருந்தாள், தலைசுற்றல் அவளுக்கு வந்தால் வரட்டும். சொல்லி முடித்தபோதே முந்நூற்றுப் பதினெட்டும் முந்நூற்றைம்பதும் போனது தெரிந்தது, அதற்காக வருத்தமாக இல்லை, யாரோ கழுத்திலிருந்து கையை எடுத்த மாதிரிதான் இருந்தது. அப்புறம் மேடம் சொன்னார். "முன்னாடியே சொல்லியிருக்கலாமே மா. சரி பரவாயில்ல, உடம்பப் பாத்துக்கங்க. நாளைக்கு இதே நேரத்துக்கு வேற ஆளை அனுப்பிக்கறேன்." வைத்துவிட்டார்.

நாளைக்கு இதே நேரத்துக்கு வேற ஆள். வேறொருத்தி வருவாள், கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்து உட்காருவாள், மாராத்தாள் போய் ஆசுபத்திரில யாருங்கக்கா என்பாள். கேட்பாள், கேட்காமல் இருக்க மாட்டாள். அவள் சொல்லும் பதிலைப் பொறுத்து டப்பாவில் ரசம்சாதம் குழையும். துளசிமணி செல்போனில் எடுத்து வைத்திருந்த படங்களை அழிக்க ஆரம்பித்தாள். பில், வடை, கக்கூஸ் சோப்பு, ஈர மேஜை. ஒவ்வொன்றுக்கும் நிச்சயமாக அழிக்கவா என்று கேட்டது, ஒவ்வொன்றுக்கும் ஆம் என்றாள். பில் காகிதத்தையும் எடுத்து நாலாகக் கிழித்து, கிழித்ததை எங்கே போடுவது என்று தெரியாமல் ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டாள். ரோட்டைத் தாண்டிப் போய் ஒரே ஒரு வார்த்தை சொல்லலாம். நாளைக்கு மட்டும் யாருக்கும் எதுவும் கட்டிக் கொடுக்காதே அம்மிணி. இருபது எட்டு வைத்தால் போதும், சிக்னல் விழுந்தால் தாண்டிவிடலாம். ஏன் என்று கேட்பாள், உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்பாள். கேட்டுவிட்டு, அந்தப் பழுப்புச் சட்டைக்குள்ளிருந்து இவளை ஏற இறங்கப் பார்ப்பாள். அந்தப் பார்வையில் நிற்க முடியுமா? கேமரா வேறு இருக்கிறது, போகவே இல்லை என்று சொன்னவள் இரண்டாவது தடவையும் அதில் விழுவாளா?

அப்போது எதிரே கண்ணாடிக் கதவு திறந்தது. மாராத்தாள்தான், தலை வலையைக் கழற்றிக் கையில் வைத்திருந்தாள், அவளுக்குச் சாப்பாட்டு நேரம் போலிருக்கிறது. வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு இந்தப் பக்கம் பார்த்தாள், பார்த்ததும் அடையாளம் தெரிந்துவிட்டது. முகம் மலர்ந்தது. கையைத் தூக்கினாள், இன்னும் பஸ் வரவில்லையா என்று விரலை விரித்துக் கேட்டாள், பிறகு ஆஸ்பத்திரி இருக்கும் பக்கம் கையைக் காட்டி, பஸ் எதற்கு, நடந்தே போய்விடலாமே என்கிற மாதிரி ஏதோ சொன்னாள். வண்டிச் சத்தத்தில் கேட்கவில்லை. பக்கத்திலிருந்த காலேஜ் பெண், உங்களத்தான் கூப்புடறாங்க என்றாள். துளசிமணி மாராத்தாளை நேராகப் பார்த்தாள், பஸ் நிறுத்தத்தில் நிற்கிறவர்கள் எதிர்க்கடையைப் பார்ப்பார்களே, அப்படி. "எனக்குத் தெரியாதுங்க, வேற யாரையோ" என்றாள் அந்தப் பெண்ணிடம். மாராத்தாளின் கை கொஞ்ச நேரம் மேலேயே நின்றது, அப்புறம் நெற்றிக்கு மேல் வெயிலை மறைக்கிற மாதிரி இறங்கியது. அதற்குள் ஒரு பஸ் வந்து நடுவில் நின்றுவிட்டது. துளசிமணி பலகையில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்கவில்லை. ஏறி, ரோட்டைப் பார்க்காத பக்கத்து ஜன்னல் சீட்டாகப் பார்த்து உட்கார்ந்து, பையை வயிற்றோடு அணைத்துக்கொண்டாள். கண்டக்டர் வந்து எங்கம்மா போகோணும் என்று கேட்டார். இது எதுவரைக்கும் போகுதோ அதுவரைக்கும் ஒண்ணு குடுங்க என்றாள்.